மைதானத்தில் ஊழியம் செய்தவர்கள்



இவ்வாரச் சிந்தனைக்குச் சரித்திரத்திலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். திருச்சபைச் சரித்திரப் புத்தகங்களில் இதற்கு ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. ஆனாலும் உங்களில் ஒவ்வொருவருடைய பள்ளி நாட்களையும் இது தொட்டிருக்கிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் படித்தவர்களானாலும், சிதம்பரத்தில் படித்தவர்களானாலும், இடையிலுள்ள பரங்கிப்பேட்டையில் படித்தவர்களானாலும், பி.டி. வாத்தியாரை மறந்திருக்கமாட்டீர்கள். நம் பெற்றோர் காலத்தில் அவருக்கு 'டிரில் மாஸ்டர்' என்று பெயர். கழுத்தில் விசில், கையில் பந்து, தலைக்கு மேல் வெயில். காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துபவரும் அவரே. ஆண்டுவிழாவுக்குப் பந்தல்காரரோடு பேசுபவரும் அவரே. மதிப்பெண் பட்டியலில் அவருடைய பாடத்துக்கு இடமில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் அவருடைய வகுப்பு நேரம் கணக்கு ஆசிரியருக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தேவைப்படுகிறவர், ஆனால் ஆசிரியர் வரிசையில் கடைசியாக எண்ணப்படுகிறவர்.

இந்த மனிதருடைய பணி நம் ஊர்ப் பள்ளிகளுக்கு எங்கிருந்து வந்தது? அதன் வேரைத் தேடிப் போனால், பிரசங்க பீடத்தில் நிற்கத் தமக்கு வரம் இல்லை என்று எண்ணிய ஓர் இறையியல் மாணவரிடம் போய்ச் சேருகிறோம்.

சொல்வன்மை இல்லாத இறையியல் மாணவர்

அவர் பெயர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். போதகராக வேண்டும் என்ற வாஞ்சையோடு யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசுவதில் பெயர் பெற்றார். தொழில்முறை அணிகள் நல்ல சம்பளம் தருவதாக அழைத்தன. அவற்றையெல்லாம் மறுத்துவிட்டு இறையியல் வகுப்புக்குள் நுழைந்தார்.

அங்கேதான் அவருக்குச் சோதனை வந்தது. கூட்டத்துக்கு முன் எழுந்து நின்று பேசும் வரம் தமக்கு இல்லை என்பதை அவரே கண்டுகொண்டார். எங்கள் இறையியல் கல்லூரியில் பிரசங்கக் கலை ஒரு பாடமாக இருந்தது. அந்த வகுப்பில் நாக்கு உலர்ந்துபோய் நின்ற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவருக்கு, தம்மை அழைத்த தேவன் தம்மைக் கைவிட்டார் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஸ்டாக் வேறொரு முடிவுக்கு வந்தார். இளைஞரைக் கிறிஸ்துவின் வழியில் உருவாக்குவதே ஊழியம் என்றால், அதை மைதானத்தில் நின்றும் செய்யலாம் என்பதே அந்த முடிவு.

1890ஆம் ஆண்டு அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒரு சிறிய பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துக்கு ஊழியர்களை ஆயத்தப்படுத்துவதற்காக 1885இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. அங்கே உடற்கல்விப் பிரிவின் தலைவராக இருந்தவர் லூதர் கூலிக் என்னும் மிஷனெரிக் குடும்பத்துப் பிள்ளை. ஆவி, மனம், சரீரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழு மனிதன் என்று அவர் போதித்தார். ஒய்.எம்.சி.ஏ. கட்டடங்களின் முகப்பில் இன்றும் நீங்கள் காணும் முக்கோணச் சின்னம் அவருடைய அந்தப் போதனையிலிருந்து பிறந்தது.

ஸ்டாக் அந்தப் பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பயிற்றுவித்தார். நாம் ஆடும் கால்பந்து வேறு, அது வேறு. அந்த ஆட்டத்தில் பந்து முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் கையில் ஏந்திக்கொண்டே ஓடுவார்கள். எதிரணியார் பாய்ந்து விழுந்து தடுப்பார்கள். அந்நாட்களில் அது மிகவும் முரட்டு ஆட்டம். இறையியல் படித்த ஒருவர் அந்த ஆட்டத்துக்குப் பயிற்சி தருவதா என்று புருவம் உயர்த்தியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் கோபம் எளிதில் மூளும் இடத்தில்தான் தன்னடக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று அவர் நம்பினார்.

அணிக்கு ஆள் சேர்ப்பதே அந்தச் சிறு பள்ளியில் கடினமாயிருந்தது. ஆயினும் 1890 டிசம்பரில், நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில், கூரையின் கீழ், அவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் பெரிய அணியை எதிர்த்து ஆடினார்கள். 16க்கு 10 என்ற கணக்கில் தோற்றார்கள். அந்த அணியில் நடுவில் நின்று ஆடியவர் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் கனடா நாட்டவர். அவரும் மான்ட்ரியல் நகரில் இறையியல் கற்றுத் தேறியவர். அவரும் பிரசங்க பீடத்தை விட்டு மைதானத்துக்கு வந்தவர்.

அடுத்த ஆண்டு குளிர்காலத்தில், பனியால் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக, இந்த நைஸ்மித் இரண்டு பழக்கூடைகளைச் சுவரின் உயரத்தில் அறைந்து ஒரு புதிய விளையாட்டை உண்டாக்கினார். அதுவே கூடைப்பந்து. 1892 மார்ச்சில் ஆசிரியர்களும் மாணவர்களும் பொதுமக்கள் முன்னிலையில் அதை ஆடியபோது, ஆசிரியர்கள் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒன்றைப் போட்டவர் ஸ்டாக். நம் கிராமங்களில் மாலை நேரத்தில் இரு தென்னை மரங்களுக்கு இடையே வலையைக் கட்டி ஆடுகிறார்களே, அந்தக் கைப்பந்தும் 1895இல் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற வில்லியம் மார்கன் என்னும் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் கண்டுபிடித்ததே.

வெற்றிக் கணக்கு எதைக் காட்டுகிறது?

இவ்விருவருடைய பிற்கால வாழ்க்கையைச் சற்றுச் சிந்தியுங்கள். நைஸ்மித் பின்னர் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து அணியைப் பயிற்றுவித்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களில், வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்கள் மிகுதியாக உள்ளவர் ஒருவரே. அவர்தான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்த நைஸ்மித். 55 வெற்றிகள், 60 தோல்விகள்.

ஸ்டாக்கின் கணக்கோ நேர்மாறானது. யேலில் அவருக்கு வேதாகமம் கற்பித்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானபோது, தம் பழைய மாணவரைப் பேராசிரியர் தகுதியோடு அழைத்துக்கொண்டார். 1892 முதல் 1932 வரை 41 பருவங்கள் ஸ்டாக் அங்கே பணிபுரிந்தார். பெரும் அரங்கம் ஒன்று எழுந்தது. அதற்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. எழுபது வயது நிறைந்தபோது பல்கலைக்கழகம் அவரைப் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலக்கி, வேறொரு கௌரவப் பதவி தருவதாகச் சொன்னது. அவர் அதை ஏற்கவில்லை. மனைவியோடு ரயிலேறிக் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரிலிருந்த பசிபிக் கல்லூரிக்குப் போனார். அது மறுபடியும் ஒரு சிறு கல்லூரி. அங்கே 1946 வரை 14 ஆண்டுகள் பயிற்றுவித்தார். 1943இல், தம் 81ஆம் வயதில், அமெரிக்காவின் அந்த ஆண்டுக்குரிய சிறந்த பயிற்சியாளராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். அதன்பின் பென்சில்வேனியா மாநிலத்தில் லுத்தரன் சபையார் நிறுவிய சஸ்குவெஹானா கல்லூரிக்குச் சென்று, தம் மகனுடன் சேர்ந்து 1952 வரை உழைத்தார். நூறு வயதை நெருங்கியபோதுதான் முற்றிலும் ஓய்வு பெற்றார். 1965இல், 102 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய அணிகள் வென்ற ஆட்டங்கள் 300க்கும் மேல்.

ஆனால் சிகாகோவில் நடந்ததைக் கேளுங்கள். 1939இல் அந்தப் பல்கலைக்கழகம் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. ஆள் நடமாட்டம் குறைந்த அவருடைய அரங்கின் பார்வையாளர் மேடைக்குக் கீழே, 1942 டிசம்பர் 2ஆம் தேதி, அறிஞர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழுவினர் உலகின் முதல் அணுத் தொடர்வினையை நிகழ்த்தினார்கள். பின்னாளில் அரங்கமும் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் நூலகம் எழுந்தது. 41 ஆண்டு உழைப்பின் கட்டடம் இன்று அங்கே இல்லை.

தோற்ற நைஸ்மித்தின் விளையாட்டு உலகெங்கும் பரவியிருக்கிறது. வென்ற ஸ்டாக்கின் அரங்கம் மண்ணோடு போயிற்று. அப்படியானால் ஒரு பயிற்சியாளருடைய வாழ்க்கையை எதைக்கொண்டு அளப்பது? இக்கேள்விக்கு விடை காண நாம் அமெரிக்காவை விட்டுச் சென்னைக்கு வரவேண்டும்.

சென்னைக்கு வந்த ஹாரி பக்

பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் லிவர்பூல் என்ற சிற்றூர் இருக்கிறது. ஸ்டாக் தம் முதிர்வயதில் உழைத்த கல்லூரிக்குச் சற்றுக் கீழே, அதே ஆற்றின் கரையில் உள்ளது. அங்கே 1884 நவம்பரில் பிறந்தவர் ஹாரி குரோ பக். ஸ்டாக் விட்டுச்சென்ற பல ஆண்டுகளுக்குப் பின், அவரும் நைஸ்மித்தும் ஓடியாடிய அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றார். 1919இல் ஒய்.எம்.சி.ஏ. அவரைச் சென்னைக்கு அனுப்பியது.

அன்றைய நம் பள்ளிகளின் நிலை என்ன? உடற்கல்வி என்றால் டிரில்தான். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்து, பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, ஆணை கொடுத்துக் கைகால்களை அசைக்கச் செய்வார். அதில் மகிழ்ச்சிக்கும் இடமில்லை, சிந்தனைக்கும் இடமில்லை. விளையாட்டு என்பதோ வசதியுள்ள சில கல்லூரி மாணவர்களுக்கு உரியதாயிருந்தது.

பக் நினைத்திருந்தால் சென்னையில் ஒரு சிறந்த அணியை உருவாக்கிக் கோப்பைகளை வென்றிருக்கலாம். அது பெயர் தரும் வழி. அவர் தெரிந்துகொண்டது வேறு வழி. 1920இல், இரவல் இடத்தில், போதிய கருவிகளும் இல்லாமல், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு, உடற்கல்வி ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தும் பள்ளியொன்றைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இவ்வகையில் அதுவே முதலாவது. பின்னர் அது சைதாப்பேட்டையில் அடையாற்றின் கரையில் பரந்த நிலத்தில் நிலைகொண்டு, ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆயிற்று. நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் அது நடந்துவருகிறது.

அங்கே கிறிஸ்தவர்கள் மட்டும் பயிலவில்லை. இந்துக்களும் இஸ்லாமியரும் ஒரே மைதானத்தில் ஓடி, ஒன்றாய் வாழக் கற்றார்கள். அன்றைய தமிழ்நாட்டில் உண்ணும் இடத்திலும் தண்ணீர் எடுக்கும் இடத்திலும் சாதி நின்றது என்பதை நினைவில் கொள்ளுங்கள். சடுகுடு ஆடுகிறவன் எதிராளியைத் தொட்டாக வேண்டும். தொடாமல் ஆட வழியில்லை. ஒரே பந்துக்காகத் தோளோடு தோள் மோதுகிறவர்கள் தீட்டுப் பார்க்க முடியாது. இவ்விதமாய்ப் பிரசங்கத்தால் எட்ட முடியாத ஓர் இடத்தை விளையாட்டு எட்டியது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அது அந்நிய ஆட்சிக் காலம். பக் சென்னையில் பள்ளி தொடங்கிய ஆண்டில்தான் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கமும் தொடங்கியது. உடல்வலிமையையும் பக்தியையும் இணைத்துப் பேசிய மேனாட்டுக் கிறிஸ்தவர் சிலரிடம், இந்தியருடைய உடலும் ஒழுக்கமும் தாழ்ந்தவை, நாங்கள் வந்து திருத்துவோம் என்ற இறுமாப்பு இருந்தது உண்மை. அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆனால் பக் நம்முடையதை ஒதுக்கிவிட்டுத் தம்முடையதைத் திணிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நம் நாட்டுத் தேகப்பயிற்சிகளையும் சடுகுடு போன்ற ஆட்டங்களையும் பாடத்திட்டத்தில் சேர்த்தார். எந்த நாட்டுடையதானாலும் நல்லதை எடுத்துக்கொள்வது அவருடைய கல்லூரியின் போக்கு. அங்கிருந்து வெளிவந்த உடற்கல்வி ஏட்டுக்கும் அவர்கள் வைத்த பெயர் 'வியாயாம்'. அது நம் நாட்டுச் சொல்லே.

பாரிஸில் இரண்டு பாடங்கள்

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளைச் சபையார் பலரும் எரிக் லிடல் என்ற பெயரோடு நினைவில் வைத்திருப்பீர்கள். ஸ்காட்லாந்து மிஷனெரிப் பெற்றோருக்குச் சீனாவில் பிறந்த அவர், தமக்கு மிகவும் உகந்த 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் அதில் ஓட மறுத்தார். வேறொரு நாளில் 400 மீட்டர் ஓட்டத்தில் 47.6 விநாடியில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார். இதை நாம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறோம்.

அதே பாரிஸ் நகரில், அதே நாட்களில், இந்திய அணியை நடத்திச் சென்றவர் நம் ஹாரி பக். கண்ணூரைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். இந்தியா ஒரு பதக்கமும் பெறவில்லை. பக் வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் எந்த மாகாணத்தில் யார் நன்றாக ஓடுகிறார் என்றே அறியப்படாதிருந்த ஒரு தேசத்தில், மாகாணங்களிலிருந்து வீரர்களை டில்லிக்கு வரவழைத்துத் தெரிவு செய்யும் வழக்கம் அந்த ஆண்டுதான் வேர்கொண்டது. மூன்று ஆண்டுகளில், 1927இல், இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று. அம்முயற்சிகளிலெல்லாம் பக்கும் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களும் முன்நின்றார்கள்.

லிடலின் கதையும் தங்கப்பதக்கத்தோடு முடியவில்லை. அடுத்த ஆண்டே அவர் சீனாவுக்குப் போய், தியான்ஜின் நகரில் மிஷனெரிப் பள்ளி ஆசிரியரானார். மாணவருக்கு அறிவியலும் விளையாட்டும் கற்பித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகளுக்காக விளையாட்டுகளை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமையில் நடுவர் இல்லாமல் ஆடிய பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள் என்று அறிந்தபோது, பின்வந்த ஞாயிறுகளில் அவரே போய் நடுவராக நின்றார் என்று அம்முகாமைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். தம் மகிமைக்காக ஞாயிறன்று ஓட மறுத்தவர், பிள்ளைகளின் சமாதானத்துக்காக ஞாயிறன்று மைதானத்தில் நின்றார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே மரித்தார். ஓய்வுநாளைக் குறித்து நம்மோடு வாதாடுகிற இளைஞருக்கு இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே சொல்லுவோமாக.

பவுல் அப்போஸ்தலன் கடன்வாங்கிய சொல்

உடற்பயிற்சியால் வரும் பயன் சிறிதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறாரே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். முதலாம் நிருபம், நான்காம் அதிகாரம். சிறிது என்றார், இல்லை என்று சொல்லவில்லை. மேலும் அங்கே அவர் எழுதிய கிரேக்கச் சொல் 'கும்னாசியா'. உடற்பயிற்சிக்கூடத்தின் சொல் அது. அதற்கு முந்தின வசனத்தில், தேவபக்திக்கேதுவாகத் தன்னைப் பழக்கிக்கொள்ளும்படி தீமோத்தேயுவுக்குச் சொல்லும்போதும், அதே சொல்லின் வினைவடிவத்தையே எடுத்தாளுகிறார். பக்தியை விளக்க அப்போஸ்தலன் மைதானத்திலிருந்து சொல்லைக் கடன்வாங்கினார்.

அவர் அறியாமல் எழுதவில்லை. கொரிந்து பட்டணத்தின் அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. வென்றவருக்கு வாடிப்போகும் இலைகளால் கிரீடம் சூட்டினார்கள். கொரிந்தியருக்கு அழிவுள்ள கிரீடத்தைப்பற்றி அவர் எழுதியபோது, அவர்கள் கண்ணால் கண்டதையே சொன்னார்.

தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை இன்று வீட்டில் திறந்து வாசியுங்கள். அதில் ஒரு சங்கிலி இருக்கிறது. பவுலிடம் கேட்டதைத் தீமோத்தேயு உண்மையுள்ளவர்களிடம் ஒப்புவிக்கவேண்டும். அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்கவேண்டும். ஆக நான்கு தலைமுறைகள். அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்குப் பின், விதிப்படி ஆடாதவன் முடிசூட்டப்படான் என்று மல்யுத்த வீரனைக் காட்டிப் பேசுகிறார்.

ஸ்பிரிங்ஃபீல்டின் கதை இந்தச் சங்கிலிதான். கூலிக்கும் ஸ்டாக்கும் நைஸ்மித்தும் உருவாக்கிய பள்ளி பக்கை உருவாக்கியது. பக் ஆசிரியர்களை உருவாக்கினார். அந்த ஆசிரியர்கள் மாகாணத்தின் பள்ளிகளுக்குப் போனார்கள். 1943இல் பக் மறைந்தபோது, அவர் பெயரைச் சொல்ல வெற்றிக்கோப்பைகளின் வரிசை இல்லை. ஆனால் அவர் முகத்தையே பாராத பிள்ளைகள் ஆயிரம் மைதானங்களில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பயிற்சியாளரை எதைக்கொண்டு அளப்பது என்ற நம் கேள்விக்கு இதுவே விடை. அவர் வென்ற ஆட்டங்களைக்கொண்டு அல்ல, அவருக்குப்பின் பயிற்றுவிக்கப் புறப்பட்டவர்களைக்கொண்டு.

நம்முடைய மண்ணில்

கடலூருக்கு இது புதிதல்ல. 1740இல் இங்கே ஊழியத்துக்கு வந்த சுவீடன் தேசத்து மிஷனெரி கீர்நாண்டர், ஆலயத்தோடு பள்ளிக்கூடத்தையும் நடத்தினார். 1758இல் பிரெஞ்சுப் படை செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தபோது, அவர் கல்கத்தாவுக்குப் போகவேண்டியதாயிற்று. கோட்டை இன்று இடிபாடாய்க் கிடக்கிறது. பள்ளிக்கூடம் நடத்தும் வழக்கமோ நம் சபைகளை விட்டுப் போகவில்லை. ஆலயத்துக்கு அருகே பள்ளி, பள்ளிக்கு முன்னே மைதானம் என்ற அமைப்பை நீங்கள் நம் மாவட்டமெங்கும் காணலாம். சிதம்பரத்தில் 1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்று உடற்கல்வி ஒரு துறையாகவே நடைபெறுகிறது. சைதாப்பேட்டைக்குப் போகாமலே நம் பிள்ளைகள் அந்தப் படிப்பைப் படிக்கிறார்கள்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி தேவனாம்பட்டினம் கரையில் கடல் ஏறி வந்ததை நாம் எவரும் மறக்கவில்லை. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண்பிள்ளைகளும் நம் கடலூரில் கால்பந்து பயின்றார்கள். கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியின் நடுக்களத்தில் ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றுகிறார். செய்தித்தாள் வீராங்கனையின் படத்தைப் போடுகிறது. விடியற்காலையில் மைதானத்தைத் திறந்து, பந்துக்குக் காற்றடித்து, பெண்பிள்ளைகளின் பெற்றோரிடம் வீடுவீடாய்ப் போய்ப் பேசிய பயிற்சியாளரின் படத்தை யாரும் போடுவதில்லை.

நாம் செய்யவேண்டியது

சபையாரே, ஊழியம் என்று சொன்னவுடன் நம் மனதில் வெள்ளை அங்கியும் ஒலிபெருக்கியும் வருகின்றன. பேசத் தெரிந்த பிள்ளையைத் தேவ ஊழியத்துக்கு என்று சொல்லுகிறோம். பேசத் தெரியாத பிள்ளையைப்பற்றி ஒன்றும் சொல்லுவதில்லை. அந்தப் பிள்ளை, கர்த்தருக்குத் தான் தேவையில்லை என்று எண்ணிக்கொண்டே நம் கடைசி பெஞ்சில் வளர்ந்து, ஒருநாள் வராமலே போய்விடுகிறது. நான் போதகராக இருந்த ஆண்டுகளில் இப்படிப் போன இளைஞர் பலர். ஸ்டாக் நம் சபையில் பிறந்திருந்தால் அவரையும் இழந்திருப்போமோ என்று எண்ணும்போது பயமாயிருக்கிறது.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

பெற்றோரே, தேர்வைக் காரணங்காட்டிப் பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தை முற்றிலும் பறித்துவிடாதேயுங்கள். விசேஷமாகப் பெண்பிள்ளைகளை, வயது வந்துவிட்டது என்று சொல்லி மைதானத்திலிருந்து அழைத்துக்கொண்டு வந்துவிடாதேயுங்கள். தோற்றபின் எதிராளியின் கையைப் பிடித்துக் குலுக்குவதைப் பாடப்புத்தகம் கற்றுத்தருவதில்லை. தோல்வியைத் தாங்கத் தெரியாமல் மதிப்பெண்ணுக்காக உயிரை மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் செய்தியை ஆண்டுதோறும் வாசிக்கிறோமே; இதை அற்பக் காரியமாக எண்ணாதேயுங்கள்.

மூப்பர்களே, கமிட்டி அங்கத்தினரே, ஆலய வளாகத்தில் பந்து ஆடக்கூடாது என்று பலகை வைப்பது எளிது. சனிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம் வாசலைத் திறந்துவைத்து, ஒரு பெரியவர் உடனிருந்து பார்த்துக்கொள்வது கடினம். கடினமானதைத் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுப்புறத்துப் பிள்ளைகள் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேளாமல் வரட்டும். உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம். பிரிந்துபோன பிள்ளையைத் திரும்ப அழைப்பது அவ்வளவு எளிதல்ல.

நம் சபையிலுள்ள உடற்கல்வி ஆசிரியர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பு நேரத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளுகிறார்கள் என்பதை அறிவேன். ஆனாலும் நீங்கள் நிற்கும் இடத்துக்கு ஒரு வம்சவரலாறு இருக்கிறது. கோபம் மூளும் இடத்தில் நின்று, விசில் ஊதி, நியாயம் தீர்த்து, இரு அணியையும் மறுநாளும் ஒன்றாய் ஆடவைக்கிறீர்கள். அதைப் போதகராகிய நாங்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரத்தில் சொல்லிமுடிக்கிறோம். நீங்கள் வாரம் ஐந்து நாள் செய்துகாட்டுகிறீர்கள். வருகிற செப்டம்பர் 5ஆம் தேதியை ஒட்டிய ஞாயிறு ஆராதனையில், ஆசிரியர்களுக்காக ஜெபிக்கும்போது, உங்களைப் பெயர் சொல்லி முன்வரிசைக்கு அழைக்கும்படி கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன்.

ஜெபம்

எங்களை மண்ணினால் உருவாக்கி, அந்த மண்ணுக்குள் சுவாசத்தை ஊதின ஆண்டவரே, நீர் தந்த சரீரங்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். பேச்சுவரம் இல்லாதவர்களையும் நீர் அழைக்கிறீர் என்பதை எங்கள் பிள்ளைகள் அறியச் செய்யும். வெயிலில் நின்று அவர்களைப் பழக்குவிக்கிற ஆசிரியர்களைப் பெலப்படுத்தும். நாங்கள் வென்றதை எண்ணாமல், எங்களுக்குப்பின் ஓடப்போகிறவர்களை ஆயத்தப்படுத்த எங்களுக்குக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.